ஐம்பதில் வளையுமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" நம் நாட்டில் இத்தனை பேரை வாயடைக்கச் செய்த பழமொழி வேறொன்று உண்டா என்பது ஐயமே. கேட்பவன் எதிர்க்கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காகவே செய்துவைத்தது போல இருக்கிறது அது. நாம் கேட்போம்: ஐந்தில் வளைய வாய்ப்பு யாருக்கு இருந்தது? ஏடும் எழுத்தாணியும் சில வீட்டுத் திண்ணைகளில் மட்டும் கிடந்த நாட்டில், மற்ற வீட்டுக் குழந்தைகள் ஐந்து வயதில் எங்கே இருந்தார்கள்?

திண்டுக்கல்லைச் சுற்றிப் பார்த்தாலே விடை கிடைக்கும். மலைக்கோட்டையின் கீழே விரிந்து கிடக்கும் இந்தச் சமவெளியில் பூட்டுப் பட்டறை உண்டு, தோல் பதனிடும் தொழில் உண்டு, புகையிலை உண்டு, சின்னாளப்பட்டியின் தறி உண்டு, நிலக்கோட்டையின் பூந்தோட்டம் உண்டு. இத்தொழில்களில் உழைத்துக் களைத்த முந்தைய தலைமுறையினர், ஐந்து வயதில் அரத்தையும் ஆட்டுக் கயிற்றையும் நூற்கண்டையும் பிடித்து வளைந்தவர்கள். வளைந்தார்கள், முதுகு வளைந்தார்கள்! எழுத்தின் பக்கம் வளைய அவர்களை யாரும் அழைக்கவில்லை. அறுபது வயதில் பேரனின் நோட்டுப் புத்தகத்தை ஆசையோடு தடவிப் பார்க்கும்போது மட்டும், "இனி எதற்கு உனக்கு?" என்று பழமொழி குறுக்கே வந்து நிற்கிறது. "காடு வா வா என்கிறது, வீடு போ போ என்கிறது" என்று இன்னொன்று அதற்குத் துணை வருகிறது.

இது வெறும் பாமரப் பேச்சன்று. வாழ்வை நான்காகக் கூறுபோட்ட வைதீகம், முதல் கூற்றில் கல்வியை வைத்தது. கடைசிக் கூறுகளில் காட்டையும் துறவையும் வைத்தது. முதல் கூறே மறுக்கப்பட்ட சூத்திரனுக்கும் பெண்ணுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை. ஆகவே முதுமையில் எழுதத் தொடங்கும் உழைப்பாளியோ பெண்ணோ, தெரிந்தோ தெரியாமலோ, ஒரு பழைய கணக்கைக் கிழித்தெறிகிறார். அப்படிக் கிழித்தெறிந்த ஓர் அம்மையாரைப் பற்றியே இக்கட்டுரை. ஆனால் அவரிடம் செல்லுமுன், இந்தத் திண்டுக்கல் சீமையிலேயே ஓர் ஊரில் சற்று நிற்க வேண்டும்.

அந்த ஊர் வத்தலக்குண்டு. தமிழ் உரைநடை வரலாற்றில் இவ்வளவு சிறிய ஊருக்கு இவ்வளவு பெரிய இடம் கிடைத்தது வியப்பே. 1872இல் அங்கே பிறந்த இராஜம் ஐயர், 'கமலாம்பாள் சரித்திரம்' என்னும் நாவலை 1893 முதல் 1895 வரை 'விவேகசிந்தாமணி' இதழில் எழுதினார். 1898இல், இருபத்தாறு வயதில் மறைந்தார். 1884இல் அங்கே பிறந்த சுப்பிரமணிய சிவா, 1908இல் சிறை சென்று, தொழுநோயோடு வெளியே வந்து, அந்த உடலோடே 'ஞானபாநு' இதழை நடத்தி, 1925இல் நாற்பது வயதில் பாப்பாரப்பட்டியில் மறைந்தார். மூன்றாமவர் சி. சு. செல்லப்பா. 1912இல் பிறந்து வத்தலக்குண்டைத் தம் ஊராகக் கொண்ட இவருக்கு மட்டுமே முதுமை வாய்த்தது.

செல்லப்பா நம் இயக்கத்தவர் அல்லர். காந்தியத்தில் தோய்ந்தவர், 'எழுத்து' என்ற ஏட்டை 1959 முதல் 1970 வரை நடத்தியவர், இலக்கியம் ஒரு சிறு குழுவினரின் உயர்ந்த பயிற்சி என்று எண்ணிய கூட்டத்தின் தலைவர். தெருமுனையில் நின்று படித்துக் காட்டப்படாத எழுத்து எழுத்தா என்று கேட்கும் நமக்கும் அவருக்கும் உடன்பாடு குறைவே. ஆயினும் அவருடைய உழைப்பை மறைப்பது நேர்மையாகாது. புத்தகக் கட்டைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்ற மனிதர் அவர். 1997ஆம் ஆண்டில், எண்பத்தைந்தாம் வயதில், 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலை வெளியிட்டார். அடுத்த ஆண்டு டிசம்பரில் மறைந்தார். அந்நாவலுக்குச் சாகித்திய அகாதமிப் பரிசு 2001இல், அவர் மறைந்த பிறகே வந்தது. இளமையில் தாம் கண்ட விடுதலைப் போராட்டத்தை, அதில் பங்கு கொண்ட பெயர் தெரியாத மனிதர்களை, நாடு மறந்துவிட்டதே என்ற வேதனையைச் சுமந்துகொண்டிருந்தவர், அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுத்தான் போனார் என்று நமக்குத் தோன்றுகிறது.

இம்மூவரின் வாழ்வும் ஒன்றைக் காட்டுகிறது. மூவரும் தலைமுறை தலைமுறையாக எழுத்து புழங்கிய வீடுகளில் பிறந்தவர்கள். இருபதுகளிலேயே பேனா அவர்கள் கையில் இருந்தது. செல்லப்பா எண்பத்தைந்தில் எழுதி முடித்தது அரிய செயல்தான். ஆனால் அவர் எண்பத்தைந்தில் எழுதத் தொடங்கியவர் அல்லர். எழுத்தே எட்டாத வீட்டில் பிறந்து, வாழ்வின் பாதிக்கு மேல் பறிகொடுத்து, அதன் பிறகு பேனாவைப் பிடித்தவரின் கதை வேறு. அந்தக் கதைக்கு வழி திறந்தவர்களில் ஒருவரும் இதே வட்டாரத்தில் தோன்றியவரே.

வத்தலக்குண்டிலிருந்து சில கல் தொலைவில் இருக்கிறது பட்டிவீரன்பட்டி. ஊ. பு. அ. சௌந்தரபாண்டியனாரின் ஊர். இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதித்திராவிடரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளுக்கு உரிமம் இல்லை என்று ஆணையிட்டவர் அவர். 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை, பெண்ணின் திருமண வயதைப் பதினாறுக்கு மேல் உயர்த்துதல், பிடிக்காத மணத்தை விட்டு விலகும் உரிமை ஆகியவற்றை அம்மாநாடு தீர்மானமாக்கியது. சட்டம் பிறகு வந்தது. முதலில் வந்தது மேடை. மேடைக்குப் பின்னாலேயே அச்சுக் காகிதம் வந்தது. பெரியார் 'குடிஅரசு' வார இதழைத் தொடங்கியது 1925 மே 2ஆம் நாள். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து! சில ஆண்டுப் பள்ளிப் படிப்பு மட்டுமே பெற்ற ஈரோட்டு வணிகர், நாற்பத்தைந்தில் பத்திரிகை ஆசிரியராகித் தொண்ணூற்று நான்கு வயது வரை எழுதினார். ஐம்பதில் வளையுமா என்று கேட்டவர்களுக்கு அதுவே ஒரு விடை. அந்தக் 'குடிஅரசு'ப் பக்கங்களில்தான் நீலாவதியும் குஞ்சிதமும் எழுதினார்கள். மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் எழுதினார்.

1883இல் பிறந்த இராமாமிர்தத்தின் குழந்தைப் பருவம் வறுமையும் கடனும் சேர்ந்து நசுக்கிய பருவம். கடன் தொல்லை தாளாமல் தந்தை வீட்டைவிட்டு ஓடினார். வழியற்ற தாய், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய புடவைக்கும் மகளை ஒரு தாசி வீட்டுக்குக் கொடுத்தாள். தோழர்களே, விலையை மறுபடி படியுங்கள். பத்து ரூபாய், ஒரு புடவை, அதுவும் பழையது. தஞ்சைத் தரணியில் கோயில் யானைக்குப் போட்ட முகபடாம் இதைவிட எத்தனை மடங்கு விலை பெற்றிருக்கும்!

மாயவரத்துக்கு அருகில் உள்ள மூவலூரில் ஆடலும் பாடலும் கற்று வளர்ந்தாள் அந்தச் சிறுமி. "ஆண்டவனுக்கு அடியாள்" என்ற பட்டத்தின் பின்னால் யாருடைய படுக்கை இருக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்து வளர்ந்தாள். பருவம் வந்ததும் அறுபதைத் தாண்டிய பணக்காரர் ஒருவருக்கு அவளைக் கட்டிவைக்க முயன்றார்கள். மறுத்தாள். தனக்கு இசை கற்பித்த சுயம்பு பிள்ளையைத் தன் விருப்பப்படி துணைவராக ஏற்றாள். 'குலத் தொழிலை' மீறியவள் என்ற வசை அன்று தொடங்கியது.

பிறகு அவர் காங்கிரசில் சேர்ந்தார், கதர் விற்றார். தம் குலப் பெண்களின் வீடுகளுக்குச் சென்று, பொட்டுக் கட்டாதீர்கள் என்று மன்றாடினார். 1925இல் பெரியார் காங்கிரசைவிட்டு வெளியேறியபோது அம்மையாரும் அவர் பக்கம் வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் 'குடிஅரசு' இதழில் தம் கதையைத் தாமே எழுதினார்: தாம் எப்படி விற்கப்பட்டார், எப்படி அந்த வாழ்வுக்குள் தள்ளப்பட்டார் என்பதை ஒளிக்காமல் அச்சில் வைத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. ஒரு பெண் தன் காயத்தை 'நான்' என்று தொடங்கித் தமிழில் அச்சேற்றிய மிக அரிய தருணங்களில் அது ஒன்று. அக்காலத்தில் அப்படி எழுதுவது, தன்மீது எறியப்படவிருக்கும் கல்லைத் தானே பொறுக்கிக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அம்மையார் கொடுத்தார்.

அதற்குப் பதினோராண்டுகள் கழித்து, 1936இல், 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற நாவல் வெளிவந்தது. வயது ஐம்பத்து மூன்று.

இந்தப் பதினோராண்டு இடைவெளிதான் நம் பொருளின் உயிர்நிலை. 1925இல் எழுதியது ஒரு பெண்ணின் கதை. பிறகு அவர் ஊர் ஊராகச் சென்றார்; மாநாடுகள் நடத்தினார்; பொட்டறுத்த பெண்களுக்குத் திருமணம் செய்துவைத்தார். சென்ற இடமெல்லாம் தம் கதையைச் சொன்னார். அதைவிட முக்கியமாக, பிறர் கதையைக் கேட்டார். பத்து ரூபாய்க்கு விற்கப்பட்டது தாம் ஒருவர் மட்டுமல்லர் என்று அறிந்தார். வலையை விரித்தவள் தாய்க்கிழவி என்றால், அந்தக் கிழவியையும் ஒரு காலத்தில் யாரோ வலையில் தள்ளினார்கள் என்று கண்டார். வலைக்குக் கயிறு கொடுத்தவன் நிலக்கிழான், முடிச்சுப் போட்டவன் புரோகிதன், காவல் நின்றது சாத்திரம் என்பதைப் படிப்படியாகப் புரிந்துகொண்டார். இருபது வயதில் இதை எழுதியிருக்க முடியுமா? முடியாது என்றே நாம் கருதுகிறோம். இருபதில் வலி மட்டுமே இருந்திருக்கும். அந்த வலிக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தாங்குவோர் ஒரு கூட்டம் இருக்கிறது என்ற அறிவு வர ஐம்பது வயது தேவைப்பட்டது. முதுமையைப் பேனாவுக்கு ஒரு தடை என்கிறார்கள். இங்கே அதுவே மையாக இருந்தது.

நாவலின் கதை நீண்டது. செல்வக் குடும்பத்து இளைஞன் ஒருவன், 'மைனர்' என்ற பட்டத்தோடு, தாசி வீட்டு வலையில் விழுகிறான், சொத்து கரைகிறது. அவனை மீட்பது சாமியும் அல்ல, சாமியாரும் அல்ல. அவன் மனைவியின் துணிவும் அறிவுமே. அந்தத் தொழிலை உதறிவந்த பெண்களே தொழிலை ஒழிக்கக் கூட்டம் கூட்டுகிறார்கள், வாதிடுகிறார்கள், வெல்கிறார்கள். இடையிடையே நெடிய உரையாடல்கள், புராணங்களின் மீது சரமாரியான வினாக்கள், சடங்குகளின் மீது சவுக்கடி. பாத்திரங்கள் பேசத் தொடங்கினால் மாநாட்டுப் பேச்சாளர்கள் போல நிறுத்தாமல் பேசுகிறார்கள். நாவல் இலக்கணம் அறிந்தோர் முகம் சுளிப்பர். சுளிக்கட்டும். மேடையில் பேசப் பழகிய குரல் பேனாவுக்குள் வந்தபோது மேடையையும் கூடவே கொண்டுவந்துவிட்டது.

ஆனால் ஒரு குறையை நாமே சொல்லியாக வேண்டும். அந்நூலில் வரும் தாசிகளிற் சிலர் சூழ்ச்சியே உருவானவர்கள். மைனர்களின் பணத்தைப் பறிக்க எந்த வஞ்சனைக்கும் துணிந்தவர்கள். தலைப்பிலேயே 'மோசவலை' தாசிகளுடையது என்றுதான் இருக்கிறது. வலை பின்னும் பணக்கார ஆண்களுக்குத் தலைப்பில் 'மதி பெறும்' வாய்ப்புக் கிடைத்திருக்கிறது! அடிமையின் மீது சினம் சற்று அதிகமாகவும், அவளை அடிமையாக்கியவன் மீது சற்றுக் குறைவாகவும் சில இடங்களில் விழுகிறது. அன்று தாசி முறை ஒழிப்பை எதிர்த்து அரசுக்கு விண்ணப்பித்த தேவதாசிகளும் இருந்தனர். தங்கள் கலை, சொத்துரிமை, வாழ்வு என்னாகும் என்று அவர்கள் கேட்டதை முழுவதும் பொய்யென்று தள்ளிவிடவும் முடியாது. சட்டம் வந்த பிறகு அந்தப் பெண்கள் காத்த ஆடற்கலை யார் வீட்டு முற்றங்களுக்குச் சென்றது என்பது நாடறிந்த கதை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தபின்னும், வளர்ந்த வீட்டின் மீதே இப்படிச் சினந்து எழுத ஒருவருக்கு எத்தகைய காயம் இருந்திருக்க வேண்டும் என்ற எண்ணமே நம்மிடம் மேலோங்குகிறது.

எழுத்து ஆற்றும் என்பர். மயிலிறகால் தடவுவது போன்ற ஆறுதல் என்று சிலர் நினைக்கிறார்கள். அம்மையாரின் நூல் அப்படிப்பட்டதன்று. கட்டியைக் கீறிச் சீழை வெளியேற்றும் மருத்துவன் செய்வதும் ஆற்றுதல்தான்; ஆனால் கீறும்போது வலிக்கும். சுற்றி நிற்போருக்கு நாற்றமடிக்கும்.

எழுதிய பின் அவர் என்ன ஆனார் என்பதைப் பாருங்கள். பாரம் இறங்கிவிட்டது என்று மூலையில் உட்கார்ந்தாரா? 1938 ஆகஸ்டு முதல் நாள், கட்டாய இந்தியை எதிர்த்துத் திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு படை நடந்தது. நாற்பத்திரண்டு நாள், 577 கல். அந்தப் படையோடு நடந்த பெண்மணி, ஐம்பத்தைந்து வயதான இராமாமிர்தம் அம்மையார். செப்டம்பர் 11ஆம் நாள் சென்னை சேர்ந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் சென்னையில் கூடிய பெண்கள் மாநாடு ஈ. வெ. ரா.வுக்குப் 'பெரியார்' என்ற பட்டத்தைச் சூட்டியது. மறுநாள் மறியலில் டாக்டர் தருமாம்பாள் முதலியோருடன் அம்மையாரும் கைதாகி ஆறு வாரச் சிறை ஏற்றார். பத்து ரூபாய்க்கு விற்கப்பட்டபோது அவரை யாரும் கேட்கவில்லை. இம்முறை அவர் தாமே விரும்பிச் சென்றார்.

சட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்வோம். 1927இல் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் சென்னை மேலவையில் தீர்மானம் கொண்டுவந்தார். சத்தியமூர்த்தி போன்றோர் பண்பாட்டின் பெயரால் எதிர்த்தனர். 1929இல் தேவதாசிகளின் மானிய நிலத்தைக் கோயில் ஊழியத்திலிருந்து விடுவிக்கும் திருத்தம் நிறைவேறியது. பொட்டுக் கட்டுவதையே குற்றமாக்கும் முழுச் சட்டம் வர 1947 ஆயிற்று. அப்போது இராமாமிர்தம் அம்மையாருக்கு வயது அறுபத்து நான்கு. தேவதாசி ஒருவரின் மகளாகப் பிறந்த முத்துலட்சுமி அம்மையாரும் தம் வரலாற்றைத் தாமே எழுதினார். அது வெளிவந்தது 1964இல், அவருடைய எழுபத்தெட்டாம் வயதில். மருத்துவமும் சட்டமும் செய்து முடித்த கைக்கும் கடைசியில் பேனா தேவைப்பட்டது!

1949இல் இயக்கம் இரண்டானபோது இராமாமிர்தம் அம்மையார் அண்ணாவின் பக்கம் சென்றார். 1962 ஜூன் 27ஆம் நாள் மறைந்தார். 1989இல் ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2022இல் அத்திட்டம், அரசுப் பள்ளியில் படித்து மேற்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் திட்டமாக மாற்றப்பட்டது. திருமணத்திலிருந்து கல்விக்கு அந்தப் பெயர் நகர்ந்தது நமக்கு மெத்த மகிழ்ச்சி. அவருடைய நாவலும் 2003இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்ந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் வரை சென்றிருக்கிறது. ஆனால் அந்த 1,000 ரூபாயைப் பெறும் பெண்களில் எத்தனை பேர் அவருடைய நாவலைப் புரட்டியிருப்பார்கள்?

"எழுதினால் மனப்புண் ஆறும் என்கிறீர்களே, இது மட்டும் மந்திரமில்லையா?" என்று பகுத்தறிவுத் தோழர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டும். இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டெக்சாசு மாநிலத்தில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர், உடன் ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து, 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். கல்லூரி மாணவர்களைப் பிரித்து, ஒரு சாராரைத் தங்கள் வாழ்வின் துயர நிகழ்ச்சியைப் பற்றியும், மற்றவரை அற்பப் பொருள் பற்றியும் நாள்தோறும் பதினைந்து நிமிடம், நான்கு நாள் எழுதச் செய்தார். துயரத்தை, அதன் நிகழ்ச்சியும் அது எழுப்பிய உணர்ச்சியும் சேர எழுதியவர்கள், எழுதிய அன்று முன்னிலும் வாடினார்கள். ஆனால் பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவ நிலையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. 1999இல் 112 ஈளை நோயாளர், மூட்டு வாத நோயாளரிடம் இதேபோன்ற சோதனை நடந்தது; மூன்று நாள் இருபது நிமிடம் எழுதியவர்களில் பலருக்கு நான்கு மாதம் கழித்து நோயின் கடுமை தணிந்திருந்தது. பிறகு நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது, பயன் உண்டு, ஆனால் சிறிதே என்று தெரிந்தது. ஆகவே மருந்தை நிறுத்திவிட்டு நோட்டுப் புத்தகத்தை நம்பு என்று எவரேனும் சொன்னால் அவரைத் திருநீறு பூசுபவரோடு சேர்த்து வையுங்கள். நாம் சொல்வது அதுவன்று. அம்மையாருக்குக் கிடைத்த குணத்தில் ஒரு பங்கு எழுத்தினால் வந்தது. பெரும்பங்கு, அந்த எழுத்தைப் படித்துத் தம்மோடு வந்து நின்ற கூட்டத்தினால் வந்தது என்றே நாம் எண்ணுகிறோம். எந்த ஆய்வுக்கூடமும் நான்கு நாளில் அதை அளந்துவிட முடியாது.

மீண்டும் திண்டுக்கல்லுக்கு வருவோம். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் எழுத்தறிந்த பெண்கள் நூற்றுக்கு ஒன்பது பேரும் இல்லை. அப்போது குழந்தைகளாக இருந்தவர்களே இன்று நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் மூத்தோர். 1990களில் அறிவொளி இயக்கம் தமிழ்நாட்டு மாவட்டங்களில் பரவியபோது, கைரேகை வைத்துப் பழகிய பெண்கள் பலர் நாற்பதிலும் ஐம்பதிலும் முதன்முதலாகத் தம் பெயரை எழுதினார்கள். அவர்கள் கற்ற எழுத்துகளில் சிலவற்றின் வடிவமே, 1935இல் பெரியார் எளிமைப்படுத்தி, 1978இல் அரசு ஏற்றுக்கொண்ட வடிவம். துதிக்கை போல வளைந்து கிடந்த பழைய உருவங்களைக் காட்டி, முதுமையில் கற்பவரை மிரட்ட வேண்டிய தேவை அன்றே நீங்கியது. கையெழுத்தைக் கற்றார்கள், அதன்பின் அவர்களிடம், "இனி உங்கள் கதையை எழுதுங்கள்" என்று சொல்ல மட்டும் ஆளில்லாமற் போயிற்று.

அந்த வேலை இளைஞர்களுடையது. நம் படிப்பகங்களில் நாளேடும் கேரம் பலகையும் இருக்கின்றன. மேசையின் மேல் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றையும் வைக்கலாமே. பூட்டுப் பட்டறையில் ஐம்பதாண்டு அரம் பிடித்த முதியவரிடம், "ஐயா, பட்டறைக்கு உங்களை முதன்முதல் யார் கூட்டிச் சென்றார்? அன்று கூலி எவ்வளவு?" என்று கேளுங்கள். தோல் தொட்டியில் காலூன்றி நின்றவரிடம், தேநீர்க் கடையில் தனிக் குவளை எந்த ஆண்டு வரை இருந்தது என்று கேளுங்கள். அப்பத்தாவிடம், திருமணத்தின்போது வயது என்ன, விருப்பத்தை யாராவது கேட்டார்களா என்று கேளுங்கள். எழுதத் தெரிந்தவர் எழுதட்டும். தெரியாதவர் சொல்ல, நீங்கள் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே உரக்கப் படித்துக் காட்டுங்கள். "அப்படியில்லை தம்பி, அது வேறு மாதிரி நடந்தது" என்று அவர் திருத்துவார். திருத்தியபடியே எழுதுங்கள். உங்கள் இலக்கணத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

சிலர் சொல்ல மறுப்பர், வற்புறுத்தாதீர்கள். இராமாமிர்தம் அம்மையாருக்கே முதல் வரியை எழுத நாற்பத்திரண்டு ஆண்டும், 'குடிஅரசு' என்ற ஓர் ஏடும் தேவைப்பட்டன.